படம் இங்கே, கண் அங்கே: பொறுப்பு எங்கே?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கதிரியக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறக்கட்டளையின் சார்பில் ஒரு ஸ்கேன் மையம் தொடங்குவதென்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. எக்ஸ்-ரே கருவி ஒன்றும் சி.டி. கருவி ஒன்றும் நிறுவலாம் என்பது திட்டம். நம் குடும்பங்கள் வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டங்களின் சிற்றூர்களில் பரவி வாழ்கின்றன. அங்கே கதிரியக்க மருத்துவர் ஒருவர் நாள் முழுதும் தங்கிப் பணிபுரிவது அரிது. ஆகவே படம் ஊரிலேயே எடுக்கப்படும். இணையத்தின் வழியே சென்னைக்கு வரும். அதனை நான் படித்து அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். ஊதியம் பெறாமல் இப்பணியைச் செய்ய இயலுமா என்று என்னிடம் கேட்டீர்கள்.

அன்றே நான் 'ஆகட்டும்' என்று சொல்லியிருக்கலாம். பலரும் அதனை எதிர்பார்த்தீர்கள். நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் விடை கூறுகிறேன் என்று காலம் கேட்டேன். சிலருக்கு அது வருத்தம் அளித்திருக்கும். ஏன் காலம் கேட்டேன் என்பதை விளக்குவதற்கே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஓர் உறை செய்தது

என் பெரியப்பாவை உங்களில் பலர் அறிவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் குடலிறக்க அறுவை செய்ய வேண்டியிருந்தது. அறுவைக்கு முன் மார்பு எக்ஸ்-ரே எடுத்து வரச் சொன்னார்கள். அருகிலிருந்த நகரத்தின் ஒரு மையத்தில் எடுத்தார்கள். அங்கே கதிரியக்க மருத்துவர் இல்லை. படம் ஒரு நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனம் அதனை வேறொரு மாநிலத்தில் இருந்த மருத்துவருக்கு அனுப்பியது. அறிக்கை வருவதற்குள் அறுவை முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்த அறிக்கையை மையத்தார் உறையிலிட்டு என் தம்பியிடம் கொடுத்தார்கள். பெரியப்பா நலமாக வீடு திரும்பியிருந்தார். உறை பீரோவுக்குள் போயிற்று.

பதினான்கு மாதங்கள் கழித்து அவர் இருமலில் இரத்தம் கண்டது. சென்னைக்கு அழைத்து வந்தார்கள். பழைய காகிதங்களை எல்லாம் எடுத்து வாருங்கள் என்றேன். அந்த உறையை நான்தான் பிரித்தேன். அறிக்கையின் கடைசி வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள் இது: 'வலது நுரையீரலின் மேற்பகுதியில் சிறு நிழல் தெரிகிறது, சி.டி. எடுத்துப் பார்ப்பது நல்லது.'

படித்தவர் சரியாகவே படித்திருந்தார். நான் படித்திருந்தாலும் அதனையேதான் எழுதியிருப்பேன். நிறுவனம் அறிக்கையை அனுப்பிவிட்டது. மையம் உறையைக் கொடுத்துவிட்டது. அறுவை மருத்துவர் தம் பணியைப் பழுதின்றி முடித்திருந்தார். எல்லோரும் தத்தம் பங்கைச் செய்தார்கள். ஆயினும் அந்த ஒரு வரி, அறிய வேண்டியவருக்குச் சென்று சேரவில்லை. பெரியப்பா மறைந்த பின் பெரியம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை நாங்க யாரைப் போய்க் கேக்கறது?" மருத்துவம் படித்தவன், அதுவும் அதே துறையில் இருப்பவன், என்னால் விடை சொல்ல இயலவில்லை.

அக்கேள்விக்கு விடை தேடியே சட்ட நூல்களையும் தீர்ப்புகளையும் படிக்கத் தொடங்கினேன். வழக்கறிஞர் நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்தேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆனால் நாம் ஒரு மையத்தைத் தொடங்கப் போகிறோம் என்னும்போது, பெரியம்மாவின் கேள்வி நாளை நம்மை நோக்கி வரும். அதற்கு முன்பே விடையை எழுதி வைப்பது நம் கடமை.

தொலைவிலிருந்து படித்தல்

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதன்பின் பல்லாண்டுகள் படமும் அதனைப் படிப்பவரும் ஒரே கட்டடத்தில் இருந்தனர். கணினிப் படங்கள் வந்தபின் இந்நிலை மாறியது. 1993இல் 'டைகாம்' என்னும் பொதுத்தரம் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கருவியில் எடுத்த படமானாலும், நோயாளியின் பெயர், எண், நாள் முதலியவற்றைத் தன்னுள் சுமந்துகொண்டு வேறொரு கணினிக்குச் செல்ல அது வழி செய்தது.

2002இல் பெங்களூருவில் டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் நள்ளிரவாக இருக்கும்போது இங்கே பகல். அங்குள்ள மருத்துவமனைகளின் அவசரப் படங்களை இங்கிருந்து படித்து அனுப்பும் ஏற்பாடு அது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. படிப்பவர் பெங்களூருவில் அமர்ந்திருந்தாலும், நோயாளி இருக்கும் அமெரிக்க மாநிலத்தில் மருத்துவம் செய்யும் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். கண் எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் பெரிதாகக் கொள்ளவில்லை. உடல் எங்கே இருக்கிறது என்பதையே பார்க்கிறது. நோயாளி இருக்கும் இடமே மருத்துவம் நிகழும் இடம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளோடு அவை இணைக்கப்பட்டன. அவற்றின்படி, இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைவிலிருந்து மருத்துவ உதவி செய்யலாம். ஆனால் நேரில் செய்யும்போது என்ன ஒழுக்கமும் கவனமும் வேண்டுமோ அவை அனைத்தும் தொலைவிலும் வேண்டும். 'படம் தெளிவாக இல்லை, இணையம் தடைபட்டது' என்று சொல்லிப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. தெளிவில்லாத படத்தைத் திருப்பி அனுப்பும் உரிமை படிப்பவருக்கு உண்டு. திருப்பாமல் ஒப்பமிட்டால் அந்தக் குறையையும் அவரே ஏற்றுக்கொண்டதாகும்.

நாட்டு எல்லைக்கு அப்பால் நடைபெறும் மருத்துவ ஆலோசனைக்கு அவ்வழிகாட்டுதல்கள் இடம் தரவில்லை. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் மருத்துவர்களாக இருக்கிறார்கள். 'அவர்களே இரவில் படித்துத் தரட்டுமே' என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். நல்ல மனம்தான். ஆனால் இந்தியாவில் பதிவு இல்லாதவர் ஒப்பமிட்ட அறிக்கையைக் கொண்டு இங்கே மருத்துவம் நடத்துவது மையத்தையே சிக்கலில் தள்ளும். பதிவின்றி மருத்துவம் செய்வது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இன்படி ஓராண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ விதிக்கத்தக்க குற்றம். அவர்களிடம் நாம் கருத்துக் கேட்கலாம், அறிக்கை கேட்கலாகாது.

இலவசம் என்றால் பொறுப்பு இல்லையா?

நம் கூட்டங்களில் அடிக்கடி எழும் பேச்சு இது: "நாம் செய்வது ஔடத தானம். காசு வாங்காமல் செய்யும் உதவிக்கு வழக்கு எப்படி வரும்?"

1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா என்னும் வழக்கில் இதற்கு விடை கூறியிருக்கிறது. மருத்துவப் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. எல்லோருக்கும் எப்போதும் முற்றிலும் இலவசமாகச் சேவை செய்யும் மருத்துவமனை அச்சட்டத்தின் எல்லைக்குள் வராது. பதிவுக்கென்று பெறும் சிறு தொகை இந்நிலையை மாற்றாது. ஆனால் சிலரிடம் கட்டணம் பெற்று, சிலருக்கு இலவசமாகச் செய்தால், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோரே. கட்டணம் செலுத்தியவருக்குக் காட்டும் கவனத்தில் அணுவளவும் குறையாத கவனம் அவருக்கும் உரியது என்பதே இதன் கருத்து.

நம் திட்டம் என்ன? இயன்றோரிடம் பாதிக் கட்டணம், இயலாதோருக்கு இலவசம். ஆகவே நம் மையத்துக்கு வரும் ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர். முற்றிலும் இலவசமாக நடத்தினாலும் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கும். தானம் என்னும் சொல் கவனக்குறைவை மன்னிக்கும் சொல் அன்று.

1986ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் மருத்துவம் அடங்காது என்று எழுந்த வாதத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இச்சட்டம் தொலைவிலிருந்து படிக்கும் முறைக்கு மிக முக்கியமான ஒரு மாற்றத்தைச் செய்தது. முன்பு எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ, குறை நேர்ந்த இடத்திலோ வழக்குத் தொடுக்க வேண்டும். இப்போது முறையீடு செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தொடுக்கலாம். படித்த மருத்துவர் ஐதராபாத்தில் இருக்கலாம்; நிறுவனம் மும்பையில் இருக்கலாம்; திருவண்ணாமலை மாவட்டத்து நோயாளி திருவண்ணாமலையிலேயே அவர்களை அழைக்கலாம். செலுத்திய கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் வழக்குக் கட்டணமும் இல்லை. கால வரம்பு 2 ஆண்டுகள்; தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் பொறுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு பொறுப்பு?

ஒரு படம் எத்தனை கைகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படம் எடுக்கச் சொன்ன மருத்துவர், எடுத்த நுட்பர், அவர் பணிபுரியும் மையம், இடையில் நிற்கும் நிறுவனம், படித்து ஒப்பமிடும் கதிரியக்க மருத்துவர், அறிக்கையைக் கொண்டு சேர்ப்பவர். ஐந்து பேர் தூக்கினால் சுமை ஐந்தாகப் பிரியும். பொறுப்பு அப்படிப் பிரிவதில்லை. தம் கையில் இருந்தபோது செய்ய வேண்டியதை ஒவ்வொருவரும் முழுமையாகச் செய்தாரா என்றே நீதிமன்றம் கேட்கும்.

முதற்கண் மையம். 2004ஆம் ஆண்டு சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது நம் அறங்காவலர்கள் அனைவரும் அறிய வேண்டியது. அவ்வழக்கில், மருத்துவம் செய்தவர்களை எதிர்த்தரப்பினராகச் சேர்க்கவில்லை, ஆகவே வழக்கு நிலைக்காது என்ற வாதம் எழுந்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மருத்துவர் ஊதியம் பெறும் ஊழியரா, ஒப்பந்தத்தில் வந்து செல்பவரா என்பது நோயாளியின் கவலை அன்று. அவர் நம்பி வந்தது மருத்துவமனையை. உள்ளே நிகழ்ந்தது என்ன என்று விளக்கும் சுமையும் மருத்துவமனையையே சாரும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதனை நம் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். 'படித்தவர் எங்கள் ஊழியர் அல்லர், சென்னையில் இருப்பவர்' என்று நம் மையம் நாளை சொன்னால் அது எடுபடாது.

அடுத்து, இடைநிற்கும் நிறுவனம். மையத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தத்தில் 'எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு வரி இருக்கும். அவ்வரி அவர்கள் இருவரையும் கட்டுப்படுத்தலாம். அதில் கையெழுத்திடாத நோயாளியைக் கட்டுப்படுத்தாது. அதுபோலவே பல அறிக்கைகளின் அடியில் 'சட்டப் பயன்பாட்டுக்கு அன்று' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனை எழுதிவிட்டால் வழக்கே வராது என்று என் துறையினர் சிலரே நம்புகிறார்கள். அச்சிட்ட ஒரு வரியால் கடமை மறைந்துவிடாது.

மூன்றாவதாக, படிப்பவர். இங்கே என் துறைக்காகவும் ஒரு சொல் பேச வேண்டும். தவறிய ஒவ்வொரு நிழலும் குற்றம் ஆகாது. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பின் பழைய படத்தைப் பார்த்தால் எவர் கண்ணுக்கும் அது தெரியும். அதே படத்தை, அதே குறிப்புகளோடு, அதே நாளில், தக்க திறமையுடைய வேறொரு கதிரியக்க மருத்துவர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதே நீதிமன்றம் இடும் அளவுகோல். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. சாதாரணக் கவனக்குறைவுக்கு இழப்பீடு உண்டு. குற்றவியல் தண்டனைக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும். மருத்துவர் மீது குற்ற நடவடிக்கை எடுக்குமுன் சார்பற்ற மருத்துவ வல்லுநரின் கருத்தைப் பெற வேண்டும் என்று கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்கிறது.

ஆயினும் தொலைவிலிருந்து படிப்பவருக்கென்று தனி இடர்கள் உண்டு. ஓர் இரவு எனக்கு ஒரு மார்பு எக்ஸ்-ரே வந்தது. 28 வயது இளைஞர் என்று குறிப்பு. நுரையீரலில் குறை ஏதுமில்லை. 'இயல்பு' என்று எழுதி ஒப்பமிடும் தறுவாயில் முதுகெலும்பைப் பார்த்தேன். அது எழுபது வயதைச் சொல்லிற்று. மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரே பெயருடைய இருவர் அன்று வந்திருந்தனர், படங்கள் மாறிவிட்டன. அந்த இளைஞரின் மெய்யான படத்தில் ஒரு பக்க நுரையீரல் காற்றுக் கசிவால் சுருங்கியிருந்தது. நோயாளி என் முன்னே இருந்திருந்தால் இக்குழப்பமே நேர்ந்திராது. நான் ஒப்பமிட்டிருந்தால், படத்தை மாற்றியது நுட்பராயினும், வயதும் எலும்பும் பொருந்தாததைக் காணத் தவறியது நான்தான் என்றே தீர்ப்பாகியிருக்கும். அது நேர்மையான தீர்ப்பாகவும் இருந்திருக்கும்.

இன்னோர் இடர், கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பும் வழக்கம். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 4096 சாயல்களில் ஒன்றைக் குறிக்கும். கைப்பேசிப் படத்தில் சாம்பல் சாயல்கள் 256 மட்டுமே. மூளையில் கசிந்த சிறு இரத்தம் அந்த இழப்பில் மறைந்துபோகலாம். அவசரத்தில் ஒரு நண்பரிடம் கருத்துக் கேட்பதற்கு அது உதவும். அறிக்கை எழுதுவதற்கு உதவாது. மேலும் அப்படம் வாட்ஸ்அப் குழுக்களில் உலா வருமாயின் நோயாளியின் அந்தரங்கமும் போயிற்று. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய படங்களையும் கருத்தில் கொண்டே இயற்றப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு படித்துத் தராதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உதவி செய்யும். ஆயினும் அது நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாதென்று 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் தெளிவாகக் கூறுகின்றன. ஒப்பமிடுபவர் மனிதர், பதில் சொல்லவேண்டியவரும் அவரே. ஒப்பத்தைப் பற்றிய கடுமையான செய்தி ஒன்று. சில இடங்களில் மருத்துவரின் கையெழுத்தைக் கணினியில் சேமித்து வைத்து, அவர் பாராத படத்துக்கும் பதித்துவிடுகிறார்கள். இதனைக் கவனக்குறைவு என்று சொல்வது பொருந்தாது, இது மோசடி.

சென்று சேர்தல்

என் பெரியப்பாவின் உறைக்குத் திரும்புகிறேன். அவர் நிகழ்வில் படிப்பில் பிழையில்லை. சென்று சேர்வதில்தான் பிழை. வழக்கறிஞர் நண்பரிடம் அதனை எடுத்துரைத்தேன். அவர் கூறியதைச் சுருக்கித் தருகிறேன்.

அறுவைக்கு முன் படம் வேண்டும் என்று கேட்டவருக்கு, அறிக்கையைக் கேட்டுப் பெறும் கடமையும் உண்டு. வராத அறிக்கைக்குக் காத்திராமல் அறுவை செய்தது முதற்பிழை. பின்னரும் அதனைத் தேடாதது இரண்டாம் பிழை. மையம் அறிக்கையை மருத்துவருக்கு அனுப்பாமல், ஆங்கிலம் அறியாத குடும்பத்தின் கையில் மூடிய உறையாகக் கொடுத்தது மூன்றாம் பிழை. படித்தவர், எதிர்பாராத ஒரு நிழலைக் கண்டபோது, கடைசி வரியில் எழுதியதோடு நின்றுவிடாமல் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா என்பது நான்காவது வினா. "இந்த நால்வரில் யாரைக் கேட்டிருக்கலாம்?" என்றேன். "நால்வரையும்" என்றார். "யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அவர்கள் தம்முள் தீர்த்துக்கொள்ளட்டும், அதனைப் பிரித்துக் காட்டும் வேலை உங்கள் பெரியம்மாவுடையது அன்று."

பெரியம்மா வழக்குத் தொடுக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டார். அவர் விருப்பத்தை நாங்கள் மதித்தோம். ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

என் விடை

அறங்காவலர்களே, நீங்கள் கேட்ட பணியைச் செய்ய எனக்கு முழுச் சம்மதம். ஆனால் முதற்படம் எடுக்கப்படுமுன் பின்வரும் ஆறும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மையத்துக்குப் பதிவும், கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் பெற்ற பின்னரே கதவு திறக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவியை இத்திட்டத்தில் சேர்க்க வேண்டா. 1994ஆம் ஆண்டின் சட்டம் அதற்கெனத் தனிப் பதிவும் தகுதி பெற்ற மருத்துவரும் வேண்டும் என்கிறது.

இரண்டு: படத்தோடு நோயாளியின் பெயர், வயது, எண், எப்பக்கம் வலி, எத்தனை நாள், முன்னர் அறுவை நடந்ததா என்னும் குறிப்புகள் வர வேண்டும். 'மார்பு வலி' என்ற ஒரு சொல்லோடு வரும் படத்தை நான் திருப்பி அனுப்புவேன். பழைய படம் இருந்தால் அதுவும் வேண்டும்.

மூன்று: எந்த நோய்க்குறி தெரிந்தால் உடனே தொலைபேசியில் கூற வேண்டும் என்று ஒரு பட்டியல் சுவரில் தொங்க வேண்டும். யார் பேசினார், யார் கேட்டார், எத்தனை மணிக்கு என்பது பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். மூளை இரத்தக் கசிவுக்கு மட்டுமன்று, என் பெரியப்பாவுக்குத் தெரிந்தது போன்ற சிறு நிழலுக்கும் இது பொருந்தும். அதற்கு நிமிடங்கள் வேண்டா, ஆனால் நாட்கள் கடக்கலாகாது.

நான்கு: ஒவ்வோர் அறிக்கையிலும் படித்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நான் இல்லாத நாளில் யார் படிப்பார் என்பதும் முன்னரே முடிவாக வேண்டும். என் கையெழுத்து என் கையை விட்டு வேறெங்கும் இருக்கலாகாது.

ஐந்து: மையத்துக்கும் எனக்கும் தனித்தனியே தொழிற்பொறுப்புக் காப்பீடு வேண்டும். தொலைவிலிருந்து படிப்பதும் அதில் அடங்கும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இழப்பீடு கொடுக்க வழியில்லாத பொறுப்பு வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

ஆறு: அறிக்கையின் முடிவுரை இரண்டு வரித் தமிழில் தனித்தாளில் தரப்பட வேண்டும். அதன் கீழே, 'ஐயம் இருந்தால் இவரைக் கேளுங்கள்' என்று ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அது மையத்தின் பொது எண்ணாக இருக்கலாகாது. எடுத்துப் பேசும் ஒரு மனிதரின் எண்ணாக இருக்க வேண்டும்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

இங்கு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் சிறு வேண்டுகோள். எங்கே படம் எடுத்தாலும் 'இதனைப் படிப்பவர் யார், எப்போது அறிக்கை வரும், யாருக்கு அனுப்புவீர்கள்' என்று கேளுங்கள். கேட்பது அவமதிப்பு ஆகாது. அது உங்கள் உரிமை. அறிக்கை வந்ததும் உறையைப் பிரித்துக் கடைசிப் பத்தியை ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். படம் கேட்ட மருத்துவரிடம் அதனைக் காட்டாமல் பீரோவில் வைக்காதீர்கள். குறுந்தகட்டையும் பழைய படங்களையும் எறியாதீர்கள். மருத்துவப் பதிவேடுகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. இதனை அறிந்து வைத்திருங்கள். சண்டைக்காக அன்று, சரியான மருத்துவத்துக்காக.

சட்டத்தைக் காட்டி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. வழக்கு வரும் என்று அஞ்சி நல்ல பணியைக் கைவிட்டால், முப்பது கல் தொலைவு பேருந்தில் சென்று படம் எடுக்க இயலாத முதியவர் எடுக்காமலே இருந்துவிடுவார். தொலைவிலிருந்து படிக்கும் முறை நம் ஊர்களுக்குக் கிடைத்த பேறு. ஆனால் தொலைவு கூடக் கூட, யார் எதற்குப் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் கவனமும் கூட வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. சென்ற மாதம் அவரைக் கண்டபோது நம் மையத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சீட்டுல யார் பேரு போடப் போறீங்க?" என்றார். முதல் ஆண்டுக்கு என் பெயரையும் என் எண்ணையும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். மேற்கூறிய ஆறையும் தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள். மறுநாளே நான் பணியைத் தொடங்குகிறேன்.